சாமித் தண்ணி போன வழி

1

ஈமெயிலைத் திறந்தபோது குசினி மேசையில் மூன்று பேர் இருந்தோம்: அம்மா, தங்கச்சி ஆரணி, நான். அப்பா இல்லை. அவருக்குப் பின்னேர ஷிப்ட். கோழி வெட்டிப் பொதி செய்கிற ஃபாக்டரியில் கையுறை மாட்டிக்கொண்டு நின்றிருப்பார். குமார் அண்ணையும் இல்லை. அவர் எங்கள் வீட்டு ஆள் இல்லை, அப்பாவோடு வேலை செய்கிறவர். ஆனாலும் அவரையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுத் தரையை உடைத்த மெஷின் அவர் கொண்டுவந்தது.

ஈமெயில் ஒரு பரிசோதனை லாப்பில் இருந்து என் பெயருக்கு வந்திருந்தது. இரண்டு பக்கம். இரண்டாவது பக்கத்தின் நடுவில் ஒரு எண், கறுப்பாக, பெரிதாக. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு அம்மா கேட்டா:

"எத்தினை மாக்ஸ், தம்பி?"

"அறுநூற்றி நாப்பது."

"எத்தினைக்கு?"

"இருநூறுக்கு."

ஆரணிக்குப் பத்து வயது, இங்கே பிறந்தவள். இட்டலியைக் கெச்சப்பில் தோய்த்துக்கொண்டே, "அம்மா, தாற்ஸ் நொட் ஈவன் பொஸிபிள்," என்றாள். அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. "அப்ப நல்லாத்தானே செய்திருக்கிறாய், ஏன் மூஞ்சையை உப்பிடி வச்சிருக்கிறாய்?" என்று எழுந்தா. விளக்கு வைக்கிற நேரம். படியிறங்கி பேஸ்மென்றுக்குப் போனா. சாமியறை அங்கேதான் இருக்கிறது.

அந்த எண் சாமியறைக் காற்றைப் பற்றியது. இருநூறுக்கு மேலே போனால் வீட்டைத் திருத்து என்று இந்த நாட்டுச் சுகாதாரக்காரர் சொல்லுகிறார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டும், அம்மாவின் காலடிச் சத்தம் பதின்மூன்று படியும் இறங்கி முடியும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு பேஸ்மென்ற் என்றால் என்ன என்று சொல்லவேண்டும். இங்கே வீட்டின் அடியில், நிலத்துக்குள்ளே, இன்னொரு வீடு இருக்கும். நாங்கள் இருக்கிற மோர்னிங்சைட் பக்கம் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கனடாவை முதன்முதல் பார்த்தது பேஸ்மென்ற் ஜன்னலால்தான். அந்த ஜன்னலுக்குள்ளால் தெரிவது புல்லும், போகிறவர் சப்பாத்தும். நாங்களும் மூன்று வருடம் ஒருவருடைய பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்துவிட்டுத்தான் இந்த வீட்டை வாங்கினோம். வாங்கினதும் அம்மா முதலில் கேட்டது, சாமியறை கீழே இருக்கட்டும் என்று.

நான் யூனிவேர்சிற்றியில் மூன்றாம் வருடம். புவியியலும் சுற்றாடலும் சேர்ந்த பாடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா அதுவும் இல்லை. யாராவது கல்யாண வீட்டில் "மகன் என்ன, டொக்டரோ எஞ்சினியரோ?" என்று கேட்டால் அப்பாவுக்கு எதைச் சொல்வது என்று தெரியாது. "மண், தண்ணி, காத்து எல்லாம் படிக்கிறான்," என்பார். குமார் அண்ணை பக்கத்தில் நின்றால் விடமாட்டார்: "அப்ப நெருப்பும் ஆகாசமும் மாஸ்ரர்ஸுக்கு வச்சிருக்கிறான் போல."

போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் பேராசிரியை திரையில் ஒரு வீட்டின் குறுக்குவெட்டுப் படம் போட்டா. கீழே மண், அதற்குள் கொஞ்சமாக யுரேனியம். எந்த மண்ணிலும் இருக்கிறதுதான். அது மெல்ல மெல்ல அழியும்போது றேடன் என்று ஒரு வாயு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. வெளியே வந்தால் காற்றோடு போய்விடும், ஆபத்தில்லை. ஆனால் பனிக்காலத்தில் வெளிநிலம் இறுகிக் கிடக்கும். உள்ளே ஹீற்றர் ஓடும். சூடான காற்று மேலே எழும்ப எழும்ப வீடு தன் காலடியில் இருந்து உறிஞ்சும். மண்ணுக்குள் இருக்கிறதை வீடு மூச்சாக இழுக்கும். வருடக்கணக்காகச் சுவாசித்தால் சிலருக்குச் சுவாசப்பையில் புற்றுநோய் வரும். எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. யாருக்கு என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

பிறகு அந்த வாயு உள்ளே வரும் வழிகளை ஒவ்வொன்றாகக் காட்டினா. சுவர் வெடிப்பு. குழாய் போகிற இடைவெளி. தரையில் மண்ணுக்குத் திறந்திருக்கும் துவாரம். கடைசியைச் சொன்னபோது, "அப்படி யாரும் வைத்திருக்கமாட்டீர்கள்," என்றும் சொன்னா. வகுப்பு சிரித்தது. எங்கள் சாமியறைத் தரையில் அப்படி ஒன்று இருந்தது.

3

அந்தத் துவாரத்தின் கதை இது.

சாமியை முழுக்காட்டின தண்ணியைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது. உங்களுக்குத் தெரியும். பால், சந்தனம், இளநீர் எல்லாம் கலந்த தண்ணி. மனிதர் எச்சில் கோப்பை கழுவுகிற சிங்கில் அதை ஊற்ற அம்மாவுக்கு மனம் வராது. அது மண்ணுக்குப் போகவேண்டும், கால் படாத மண்ணுக்கு. வெயில் காலத்தில் பின்வளவில் செவ்வரத்தைத் தொட்டியடியில் ஊற்றினா. முதலாம் பனிக்காலத்தில் செம்பைக் கொண்டு பின்கதவால் இறங்கினா, முந்தினநாள் ஊற்றின தண்ணியே கண்ணாடிபோல உறைந்திருந்தது. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு கிழமை மாவுக்கட்டு.

அப்பா கோபத்திலும் யோசிக்கிற ஆள். "வெளியில மண் உறைஞ்சால் என்ன, வீட்டுக்குக் கீழயும் மண்தானே?" என்றார். குமார் அண்ணை ஒரு சனிக்கிழமை கொங்கிரீட் உடைக்கிற மெஷினைக் கொண்டுவந்தார். ஆனால் தொடங்க முதல் அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது பதினாலு வயது. பதினொரு வயதில் இங்கே வந்ததில் இருந்து வீட்டுக்கு வருகிற கடிதம் எல்லாம் நான்தான் வாசிப்பது. பாங்க், இன்சூரன்ஸ், ஆரணியின் தடுப்பூசி அட்டை. நான் "ஓம்" என்றால் கையெழுத்து, "இல்லை" என்றால் குப்பை.

"தம்பி, தரையில ஓட்டை போட்டால் ஏதும் கெடுதல் வருமோ? உன்ர ஜியோகிரபி ரீச்சரைக் கேட்டுக்கொண்டு வா," என்றார். மெஷின் ஒரு கிழமை கராஜில் காத்திருந்தது.

நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? "எங்கள் வீட்டில் கடவுளைக் குளிப்பாட்டுவோம், அந்தத் தண்ணியை ஊற்றத் தரையில் ஓட்டை வேண்டும்" என்று இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன், பஸ்ஸில், வாய்க்குள்ளே. சொல்லச் சொல்ல, வகுப்பில் பின் வாங்கில் இருக்கிற பெடியன்கள் சிரிப்பது கேட்டது. ஐந்து நாளும் ரீச்சரின் மேசையைத் தாண்டிப் போனேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து சொன்னேன்:

"கேட்டனான். ஒரு பிரச்சினையும் இல்லையாம்."

அடுத்தநாள் சோற்றுச்சட்டி மூடி அளவுக்கு ஒரு வட்டம், சாமியறையின் கிழக்கு மூலையில், மண் தெரியும்வரை. மேலே துளை போட்ட ஒரு எவர்சில்வர் தட்டு. அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோசம். எட்டு வருடம் தண்ணி அதுக்குள்ளே இறங்கியது. அதே வழியால் என்ன மேலே வந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

4

அம்மா ஏன் கீழே இருக்கப் பிரியப்படுகிறா என்று எனக்குத் தெரியும். ஆரணிக்குத் தெரியாது.

கடைசிச் சண்டை நேரம் எனக்கு ஐந்து வயது. வன்னியில் ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு ஓடுவோம். போய்ச் சேர்ந்ததும் அப்பா செய்கிற முதல் வேலை பங்கர் வெட்டுவது. சமைக்க முதல், தண்ணி தேட முதல், மண்ணை வெட்டுவார். நாங்கள் இறங்கி இருப்போம். எனக்கு நினைவிருப்பது முகத்துக்கு நேரே ஈரமான மண் சுவர், அதில் ஒரு அறுந்த வேர். செல் குண்டு விழும்போது அந்த வேர் ஆடும். அம்மா என்னுடைய தலையை அந்தச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருப்பா. பயம் முழுக்க வானத்தில் இருந்தது. மண்ணுக்குள்ளே பயமில்லை.

இப்போதும் அம்மாவுக்கு மேல்மாடி சரிவராது. விமானம் தாழப் பறந்தால் கோப்பையை வைத்துவிட்டுப் படியைப் பார்ப்பா. காலை ஒன்றரை மணித்தியாலம், பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் சாமியறை. வெயில் காலத்தில் மத்தியானமும் அங்கேதான் பாய். ஆரணிக்கு அந்த அறைக்கு வெளியே உள்ள கம்பளத்தில்தான் குத்துக்கரணம் பழகல். சாமியறைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் "அம்மாஸ் ஒஃபிஸ்".

அந்த அம்மாவிடம் போய், மண்ணில் இருந்துதான் இப்போது வருகிறது என்று எப்படிச் சொல்லுவது?

5

சொல்லவில்லை. அளந்தேன்.

பேராசிரியை விரும்பியவர்களுக்கு ஆளுக்கொரு கருவி தந்தா. கருவி என்றால் கறுப்பு வில்லை ஒன்று, உள்ளங்கை அளவு. வயரில்லை, பட்டரி இல்லை. உள்ளே ஒரு துண்டு பிளாஸ்ரிக். மூச்செடுக்கும் உயரத்தில் மூன்று மாதம் தொங்கவிடவேண்டும். வாயு அழியும்போது சிதறுகிற துகள் அந்தப் பிளாஸ்ரிக்கில் பட்டு ஒரு கீறல் விழும். லாப்பில் மைக்ரோஸ்கோப்பால் அந்தக் கீறல்களை எண்ணுவார்கள்.

ஒரு நிபந்தனை: அளக்கும் காலத்தில் வீட்டில் ஒன்றையும் மாற்றக்கூடாது. எப்போதும்போல இருக்கவேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்கே ஒரு பொலித்தீனைப் போட்டு ரேப் ஒட்டி அந்த வட்டத்தை மூடியிருக்கலாம். ஐந்து டொலர் வேலை. நான் மூடவில்லை. மூடினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், அப்ப ரீச்சர் என்னடா சொன்னவ என்று கேட்பார்கள். அதனால் நான் நல்ல மாணவனாக இருந்தேன். "யூனிவேர்சிற்றி வேலையம்மா, மூன்று மாதத்துக்குத் தொடாதேங்கோ," என்று சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் வில்லையைத் தொங்கவிட்டேன். அம்மா படிப்புச் சாமான் என்று அதுக்கும் ஒரு பூ வைத்தா.

தையில் அம்மாவுக்கு இருமல் தொடங்கியது. பனிக்காலத்தில் யாருக்குத்தான் இருமல் இல்லை? ஆரணிக்கும் இருந்தது, பஸ் முழுக்க இருந்தது. ஆனால் நான் கணிதப் பாடத்தில் இருந்துகொண்டு அம்மாவின் மணித்தியாலங்களைக் கூட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று. எட்டு வருடம். ஒவ்வொரு தடவையும் விடை வந்ததும் வெட்டிவிட்டுத் திரும்பக் கூட்டினேன், எங்கேயாவது பிழைவிட்டிருப்பேன் என்ற நம்பிக்கையில். அம்மா கீழே இருந்து இருமினால் மேலே என்னுடைய பேனை நின்றுவிடும். பிளாஸ்ரிக்கில் விழுகிற கீறலை எண்ண ஆள் இருக்கிறது. அம்மாவின் நெஞ்சில் விழுந்ததை எண்ண யார் இருக்கிறார்கள்?

மூன்று மாதம் முடிந்தது. வில்லையை உறையில் போட்டு அனுப்பினேன். அதோடு ஒரு படிவம். அந்த அறையில் ஒருவர் நாளுக்கு எத்தனை மணித்தியாலம்? அறையின் தரையில் மண்ணுக்குத் திறந்த இடம் உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு பெட்டி. அந்தப் பெட்டியில் சரி போட எனக்கு ஒரு பின்னேரம் எடுத்தது.

6

ஈமெயில் வந்த கிழமை ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் நின்றார். சொன்னேன். காஸ் என்றதும் அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கீழே போய் மூலை மூலையாக மூக்கை வைத்துப் பார்த்தா.

"ஒண்டும் மணக்கேல்லையே. சாம்பிராணிதான் மணக்குது."

"மணக்காதம்மா. அதுதான் பயம்."

அப்பா எவர்சில்வர் தட்டைக் காலால் தள்ளிவிட்டுக் குனிந்து அந்த மண்ணையே பார்த்தார், தன்னுடைய கைவேலையை முதல்முதல் பார்க்கிறவர்போல. பிறகு கராஜில் இருந்து ஒரு பலகையையும் பொலித்தீனையும் கொண்டுவந்து தானே மூடினார்.

டொக்டரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது நான். மொழிபெயர்ப்பும் நான். சுவாசப்பைப் புற்றுநோயை முந்திக் கண்டுபிடிக்கிற ஸ்கானுக்கு ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. முதல் கேள்வியே எத்தனை வருடம் சிகரெட் குடித்தீர்கள் என்பது. குடிக்காதவருக்கு அந்த ஸ்கான் கிடையாதாம். றேடன் என்று எழுத அதில் இடமில்லை. சிகரெட் குடித்தவருக்குத்தான் ஸ்கானாம் என்று மட்டும் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா சிரித்தா: "அப்ப உன்ர கொப்பற்ற கூட்டாளியளோட சேர்ந்து நானும் ரெண்டு இழுத்திருக்கவேணும்." டொக்டர் எதற்குச் சிரிக்கிறா என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. இருமலுக்கென்று எழுதி ஒரு எக்ஸ்ரே தந்தார். அம்மா எதைப் பார்க்கப்போகினம் என்று கேட்டபோது, "சளி கட்டியிருக்கோ எண்டு," என்றேன். புற்றுநோய் என்ற சொல்லைத் தமிழில் என்னால் அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இருமலும் பங்குனியோடு போய்விட்டது. டொக்டர் கைகுலுக்கிவிட்டுச் சொன்னார், இது இன்றைய படம் மட்டும் என்று. வருகிறதென்றால் பத்து, இருபது வருடம் கழித்தும் வரலாம். வராமலும் விடலாம்.

7

வீட்டைத் திருத்த வந்தவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். தரையில் துளை போட்டு, குழாய் இறக்கி, கீழே உள்ள காற்றை ஒரு ஃபானால் இழுத்துச் சுவருக்கு வெளியே விடுவதுதான் வேலை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாமியறைக்குள் வந்தார். அப்பா மூடின பலகையை மனிதர் தூக்கினார். வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார்.

பஸ்ஸில் எட்டு வருடத்துக்கு முதல் வாய்க்குள் சொல்லிப் பார்த்த வசனம் அப்படியே வந்தது. எங்கள் வீட்டில் கடவுளைக் குளிப்பாட்டுவோம். அந்தத் தண்ணியை ஊற்றுவதற்கு.

"ஓகே," என்றார். இடுப்பில் இருந்து ரேப்பை எடுத்து அளந்தார். குழாய்க்குச் சரியான இடம், புதிதாகத் துளை போடத் தேவையில்லை என்றார்.

அவ்வளவுதான். ஒரு சொல். அதற்குப் பயந்துதான் ஐந்து நாள் அந்த ரீச்சரின் மேசையைத் தாண்டிப் போனேன்.

அப்பா பின்னால் நின்று என்னுடைய முதுகைத் தட்டினார். "ஓட்டை நாங்களே போட்டிருக்கிறம் எல்லோ. அந்தக் கூலியைக் கழிக்கச் சொல்லு." மனிதர் சிரித்துக்கொண்டே கழித்தார்.

இப்போது அந்த மூலையில் வெள்ளைக் குழாய் நிற்கிறது. அதில் சிவப்புத் தண்ணியோடு, U போல வளைந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழல். இரண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வந்தால் ஃபான் நின்றுவிட்டது என்று அர்த்தம். அம்மா அதுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறா. காலையில் சாமியைப் பார்க்க முதல் அதைத்தான் பார்க்கிறா. விமானச் சத்தத்துக்குப் படியைப் பார்க்கிறவ இப்போது படியில் நின்று கொஞ்சம் யோசிக்கிறா. கீழே போவதா விடுவதா என்று. அம்மாவுக்குப் பயமில்லாத ஒரே இடத்தையும் நான் எடுத்துவிட்டேன். சாமித் தண்ணியை நான்தான் வெளியே கொண்டுபோய் ஊற்றுகிறேன், உறைபனி என்றால் உப்புத் தூவிவிட்டு.

வேலை முடிந்த அன்று குசினி மேசையில் அப்பாவும் நானும். அம்மா இல்லை, ஆரணியை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தா. பில் என் கையில் இருந்தது. வாசிக்க முதல் சொல்லிவிட்டேன்.

"அப்பா, நான் அப்ப ரீச்சரைக் கேக்கேல்லை. பொய் சொன்னனான்."

அப்பா மேசையில் இருந்த உப்புப் போத்தலைத் திருப்பித் திருப்பி வைத்தார். கோழி வெட்டி வெட்டி அவருடைய விரல்கள் நேராக நிமிராது.

"நீ கேட்டுப்போட்டாய் எண்டுதானே உடைச்சனான்," என்றார்.

உப்புப் போத்தலைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்:

"கொம்மாக்கு ஏதும் வருமோ? நீதானே படிச்சனீ. சொல்லு."

ஒன்றும் வராது என்பது நாக்கு நுனியில் நின்றது. பதினாலு வயதில் எவ்வளவு இலகுவாக வந்ததோ அவ்வளவு இலகுவாக.

"தெரியாதப்பா. ஒருத்தருக்கும் தெரியாது."

அப்பா தலையை ஆட்டினார். என்னை முதல்தடவை நம்பாமல் பார்க்கிறாரா, இல்லை முதல்தடவை நம்பிப் பார்க்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"சரி. பில்லை வாசி," என்றார். "ஒரு வரியையும் விடாதை."

வாசித்தேன். குழாய், ஃபான், சிவப்புத் தண்ணிக் குழல், வெடிப்புகளுக்குப் பூச்சு, ஒருவருடைய ஒரு நாள் கூலி. தரையில் துளை போட்டதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்காரர் ஏற்கனவே போட்டிருந்தார். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது. வரி முந்நூற்றைம்பத்தேழு ஐம்பது. மொத்தம் மூவாயிரத்து நூற்றேழு டொலர் ஐம்பது சதம்.